வாரண்டி கார்டில் இல்லாத வாரண்டி

ரொம்ப நாளா எதுவும் எழுதல. தீசிஸ், பார்ட் டைம் வேலை, இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு கார். மூணுல அதிகமா உயிரை எடுத்தது கார்தான். வெறும் புலம்பலா எழுதிடக் கூடாதுன்னு லைப்ரரியில உக்காந்து கொஞ்சம் படிச்சேன். படிக்கப் போன இடத்துல நூறு வருஷத்துக்கு மேல நீளமான ஒரு கதை கிடைச்சது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல எங்க கதை. நானும் எங்க ஃப்ளாட்ல இருக்கற அண்ணனும் (பிஎச்டி மூணாவது வருஷம், பேர் வேண்டாம்னு சொல்லிட்டார்) பாதிப் பாதி போட்டு ஒரு கார் வாங்கினோம். ஆக்லாந்து கிரேட் சவுத் ரோட்டில் போனா வரிசையா கார் யார்டு, கலர் கலரா கொடி கட்டி, தேர்த் திருவிழா மாதிரி இருக்கும். அதுல ஒரு யார்டு. ஜப்பான்ல ஓடி இங்க இறக்குமதியான ஹேட்ச்பேக், எட்டு வருஷப் பழசு, 9,500 டாலர். கூடவே ஒரு வருஷ வாரண்டின்னு பளபளப்பா ஒரு கார்டு. அண்ணன் போட்ட பாதி, தங்கச்சி கல்யாணத்துக்குன்னு சேர்த்து வச்சிருந்த காசு. "அதுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்குடா, அதுக்குள்ள திரும்பச் சேர்த்துடலாம்"னார்.

மூணாவது வாரம் கியர்பாக்ஸ் உதற ஆரம்பிச்சது. சிக்னல்ல நின்னு கிளம்பினா மாட்டு வண்டி பள்ளத்துல இறங்கற மாதிரி ஒரு குலுக்கல். முதல் தடவை கொண்டு போனப்ப ஆயில் மாத்திக் கொடுத்தாங்க. ஒரு மாசத்துல அதே குலுக்கல். ரெண்டாவது தடவை கம்ப்யூட்டரை மாட்டி ரீசெட் பண்ணாங்க. அது பத்து நாள் தாங்குச்சு. மூணாவது தடவை "எங்க ஆள் ஓட்டிப் பார்த்தார், ஒண்ணும் இல்லையே". நாலாவது தடவை பேச்சே மாறிடுச்சு. யார்டுக்காரர் எங்க கார்டையே வாங்கி, பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைக் காட்டி, "இது தேய்மானம், கார்டுல கவர் ஆகாது"ன்னுட்டார்.

அண்ணன் அங்கேயே நின்னு கார்டை முழுசாப் படிச்சார். உண்மைதான், அப்படித்தான் போட்டிருந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளிய வந்தோம். அந்தத் தலையைத் தொங்கப் போட்ட இடம்தான் எனக்கு அப்புறம் உறுத்திக்கிட்டே இருந்தது. கார்டுல இல்லைன்னா உரிமை இல்லைன்னு நாங்க ரெண்டு பேரும் எப்படி அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டோம்?

(நடுவுல ஒரு கூத்து. இங்க ஒவ்வொரு காருக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருதரம் "வாரண்ட் ஆஃப் ஃபிட்னெஸ்"னு ஒரு தகுதிச் சோதனை உண்டு. ஃபோன்ல அம்மாகிட்ட "காருக்கு வாரண்ட் முடியுதும்மா, அதோட வாரண்டியும் தகராறு"ன்னு சொல்லிட்டேன். வாரண்டுன்னா அவங்களுக்குப் போலீஸ்தான். அன்னைக்கு ராத்திரி அப்பா தூங்கலையாம்.)

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

பொருள் வாங்கறவன் கண்ணைத் திறந்து பார்த்து வாங்கணும், வாங்கின அப்புறம் விற்றவனைக் கேள்வி கேட்கக் கூடாது. பழைய ஆங்கிலேயச் சட்டத்தின் அடிப்படை இது. சந்தையில் மாடு பிடிக்கிறவன் பல்லைப் பிடிச்சுப் பார்த்து வாங்குகிற காலத்துக்கு அது சரி. 1893இல் இங்கிலாந்தில் சரக்கு விற்பனைச் சட்டம் வந்தபோது இது கொஞ்சம் இளகியது. அதை எழுதியவர் மெக்கன்சி சால்மர்ஸ். இவர் பின்னாளில் நம்ம ஊர் வைஸ்ராய் கவுன்சிலில் சட்ட உறுப்பினராகவும் இருந்தவர். வியாபாரி ஒரு பொருளை விற்றால் அது விற்கத் தக்க தரத்தில் இருக்கணும் என்பது, பேசாவிட்டாலும் ஒப்பந்தத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும் என்றது அந்தச் சட்டம். நியூசிலாந்து இதைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டது, 1908ஆம் வருடச் சட்டம் அதுதான். இந்தியாவின் 1930ஆம் வருடச் சட்டமும் அதே குடும்பம்தான். சென்னைக்கும் ஆக்லாந்துக்கும் ஒரே தாத்தா.

ஆனால் தாத்தாகிட்ட ரெண்டு பெரிய ஓட்டை இருந்தது. ஒண்ணு, "இந்தப் பொறுப்பெல்லாம் எங்களுக்குக் கிடையாது"ன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி போட்டுட்டா போதும், விற்றவர் தப்பிச்சுடலாம். ரெண்டாவது, பொருளை ஏத்துக்கிட்டாச்சுன்னு ஆயிட்டா அப்புறம் திருப்பிக் கொடுக்க முடியாது. நஷ்ட ஈடு கேட்கலாம், அவ்வளவுதான். மாட்டுக்குச் சரி. பத்தாயிரம் பாகம் உள்ள ஒரு கார், எந்தப் பாகத்துல கோளாறுன்னு மெக்கானிக்குக்கே மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும். அதுக்குள்ள நீங்க "ஏத்துக்கிட்டவர்" ஆயிருப்பீங்க.

முதல் ஓட்டையை வச்சு வந்ததுதான் வாரண்டி கார்டு. இது எனக்குப் புது விஷயம். கார்டு ஏதோ கம்பெனி நமக்குப் பெருந்தன்மையா கொடுக்கிற பரிசுன்னு நினைச்சிருந்தேன். 1955இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒருவர் மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாகப் புது பிளிமத் கார் வாங்கினார். பத்தே நாள், 468 மைல். ஸ்டீயரிங் கைவிட்டுச் சுவரில் மோதியது. கம்பெனி காட்டிய கார்டில் என்ன இருந்தது தெரியுமா? 90 நாள் அல்லது 4,000 மைலுக்குள் பழுதான பாகத்தை மாத்தித் தருவோம், *சட்டம் தருகிற மற்ற எல்லா உத்தரவாதத்துக்கும் பதிலாக இது மட்டுமே* என்று. அதாவது கார்டு கொடுக்கிறதுக்காக வந்ததில்லை, எடுத்துக்கறதுக்காக வந்தது! அதே படிவத்தைத்தான் அமெரிக்காவின் பெரிய கார் கம்பெனிகள் எல்லாமே பயன்படுத்தின. ஒரு கடையில் பிடிக்கலைன்னா அடுத்த கடைக்குப் போகலாம்னா, அங்கேயும் அதே காகிதம். 1960இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் அந்த வரியைச் செல்லாது என்று தள்ளியது. பேரம் பேசவே இடம் இல்லாத ஒருத்தர் போட்ட கையெழுத்தை எப்படிச் சம்மதம்னு எடுத்துக்க முடியும் என்பதுதான் சாரம்.

ரெண்டாவது ஓட்டையோட கொடுமையைப் பார்க்கணும்னா இங்கிலாந்துக்குப் போகணும். 1984 டிசம்பரில் ஒருவர் புத்தம்புது நிசான் வாங்கினார். நடுவுல அவருக்கு உடம்பு சரியில்லை, வண்டியை அதிகம் எடுக்கவில்லை. மூணு வாரம் கழித்து, மொத்தம் 140 மைல் ஓடியிருந்த நிலையில், மோட்டார்வேயில் இன்ஜின் இறுகி நின்றது. தயாரிப்பில் சிந்திய ஒரு சொட்டு சீலண்ட் எண்ணெய் போகும் வழியை அடைத்திருந்தது. 1986இல் வந்த தீர்ப்பு: கார் தரமற்றது, சரி. ஆனால் திருப்பிக் கொடுக்கிற காலம் கடந்துவிட்டது. மூணு வாரத்துக்குள்! உள்ளே ஒளிந்திருக்கும் கோளாறைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்பது கணக்கே இல்லை, பொதுவாக ஒரு காரைச் சோதித்துப் பார்க்க எவ்வளவு நாள் போதும் என்பதுதான் கணக்கு என்றார் நீதிபதி. படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

ஏறக்குறைய அதே சமயத்தில் அதே நாட்டில் இன்னொரு வழக்கு. இது எங்க கேஸுக்கு நெருங்கின சொந்தம். ஒரு புது ரேஞ்ச் ரோவர். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆயில் சீல், பாடி எல்லாத்துலயும் கோளாறு. ஆறு மாசம், 5,500 மைல், ரிப்பேர் மேல ரிப்பேர். கடைசியில் வாங்கியவர் காரைத் திருப்பினார். எதிர்த்தரப்பு வாதம் சுவாரஸ்யமானது: வாரண்டி கொடுத்திருக்கோம் அல்லவா, வாரண்டி இருக்குன்னாலே கோளாறு வரும், வந்தா சரி பண்ணிப்போம்னு வாங்கறவருக்குத் தெரியும்தானே, அதனால அவர் குறைஞ்ச தரத்தை எதிர்பார்த்துத்தானே வாங்கினார்? மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. வாரண்டி என்பது வாங்கியவருக்குச் சட்டம் தரும் உரிமையோடு *கூட்டல்*, கழித்தல் அல்ல என்றது. வாரண்டி இல்லாத காரை விட வாரண்டி உள்ள காரிடம் யாராவது குறைவாக எதிர்பார்ப்பார்களா என்ன?

இந்தக் கூட்டல் கழித்தல்தான் முழுக் கதையும். எங்க யார்டுக்காரர் கார்டை நீட்டினப்ப அவர் கழித்தல் போட்டார், நாங்களும் சேர்ந்து கழிச்சோம்.

இப்ப நியூசிலாந்து. இந்த நாட்டுக்கும் நம்ம நாட்டுக்கும் கார் விஷயத்துல இருந்த ஒற்றுமை என்னை ஆச்சரியப்படுத்தியது. 1938இல் இங்க இறக்குமதி லைசன்ஸ் முறை வந்தது. அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. உதிரிப் பாகமாகக் கொண்டு வந்து இங்கேயே பூட்டிய கார்கள்தான் பெரும்பாலும். அதுவும் போதாது. புதுக் காருக்குக் காத்திருப்புப் பட்டியல். வெளிநாட்டில் பணம் வைத்திருப்பவருக்கு மட்டும் வரிசையில் முன்னுரிமை. சில சமயம் பழைய கார் புதுக் காரை விட அதிக விலைக்குப் போகும். அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் வருஷக்கணக்கா காத்திருந்த நம்ம அப்பாக்கள் தலைமுறைக்கு இது புரியும். வண்டி கைக்கு வந்ததே பெரிய விஷயம், இதுல கியர்பாக்ஸ் உதறுதுன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? தட்டுப்பாடு இருக்கிற இடத்துல வாங்குறவனுக்கு வாய் வராது.

1975இல் இங்க மோட்டார் வாகன டீலர் சட்டம் வந்தது. பழைய கார்களை வயசு, ஓடின தூரம் பார்த்து ஏ, பி, சி, டி என்று பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் இத்தனை நாள் அல்லது இத்தனை கிலோமீட்டர் டீலர் பொறுப்பு என்று வைத்தார்கள். கடைசி வகைக்கு ஒண்ணும் கிடையாது. வழக்கைத் தீர்க்கக் கார்களுக்கென்றே தனித் தீர்ப்பாயமும் அந்தச் சட்டத்தில்தான் பிறந்தது. நல்ல ஆரம்பம். ஆனாலும் நாள் கணக்குதானே? 31ஆம் நாள் கியர்பாக்ஸ் போனா போச்சு.

அப்புறம் 1980களின் கடைசியில் கதவு திறந்தது. ஜப்பானில் சில வருஷம் ஓடின கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அவங்களும் இடது பக்கம் ஓட்டறவங்க, ஸ்டீயரிங் வலது பக்கம், அப்படியே பொருந்திடுச்சு. 1990களில் பல வருஷம் இப்படி வந்த பழைய கார்கள் புதுக் கார்களின் எண்ணிக்கையை மிஞ்சின. 1998இல் கார் மீதான சுங்க வரியை எடுத்ததும் உள்ளூரில் கார் பூட்டும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன, தேம்ஸ் ஊரில் இருந்த டொயோட்டா ஆலை உள்பட. வேலை போனவங்களுக்குப் பெரிய அடி. வாங்குறவங்களுக்கோ திடீர்னு எங்கே பார்த்தாலும் கார், மலிவு விலையில். ஆனால் அதோட சரித்திரம் வேறொரு நாட்டில், வேறொரு மொழியில். ஓடோமீட்டரைத் திருப்பி வைப்பது அந்தக் காலத்துப் பெரிய பிரச்னை. பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாம்னா பல்லே மாத்தி வச்ச மாடு.

இந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் ஒரு வேலை செய்தது. அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் வெர்னன் என்பவரிடம், நுகர்வோர் சட்டம் எப்படி இருக்கணும் என்று அறிக்கை கேட்டார்கள். 1987இல் வந்தது அது. அவர் முன்மாதிரியாகக் காட்டியது அமெரிக்காவையோ இங்கிலாந்தையோ இல்லை, கனடாவில் கோதுமை விளைகிற சஸ்காட்சுவான் மாகாணத்தை! 1977இல் அங்கே வந்த ஒரு சட்டம், ஓட்டை விழுந்த பழைய சட்டத்துக்கு ஒட்டுப் போடாமல் புதுசாவே எழுதியிருந்தது. அந்த வழியில் நியூசிலாந்தும் போய், 1993இல் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் நிறைவேறியது. 1994 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. (ஏப்ரல் ஒண்ணுதான், ஆனா ஏமாத்தல :-))

சட்டத்தை நான் முழுசாப் படிச்சேன். நம்புங்க, எங்க தீசிஸ் பேப்பர்களை விட எளிமையா இருக்கு. வியாபாரி விற்கும் பொருள் "ஏற்கத்தக்க தரத்தில்" இருக்கணும். அது என்னன்னா, பொருளோட நிலை முழுசாத் தெரிஞ்ச ஒரு நியாயமான வாடிக்கையாளர், விலை, வயசு எல்லாத்தையும் யோசிச்சு, இது சரிதான்னு ஏத்துக்கணும். உழைப்பும் அதுல அடக்கம், அதாவது இன்னைக்கு ஓடினா மட்டும் போதாது, நியாயமான காலத்துக்கு ஓடணும். எவ்வளவு காலம்னு நம்பர் இல்லை. கார்டில் ஒரு வருஷம்னு இருந்தாலும் மூணு மாசம்னு இருந்தாலும் இது தனியா நிக்குது. சொந்த உபயோகத்துக்கு வாங்குறவங்ககிட்ட "இந்தச் சட்டம் பொருந்தாது"ன்னு எழுதி வாங்கினாலும் செல்லாது. அப்படிச் சொல்லி ஏமாத்தினா அதுவே 1986ஆம் வருட நியாய வணிகச் சட்டப்படி குற்றம். முதல் ஓட்டை அடைஞ்சது.

கோளாறு வந்தா? சரி பண்ணக் கூடிய கோளாறுன்னா வியாபாரிக்கு முதல் வாய்ப்பு கொடுக்கணும், நியாயமான நேரத்துக்குள்ள அவர் சரி பண்ணணும். பண்ணலைன்னா, அல்லது கோளாறு பெருசுன்னா, காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். பெருசுன்னா எது? "இப்படி ஆகும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு நியாயமான ஆள் இதை வாங்கியிருப்பாரா?" இதுதான் முக்கியமான அளவுகோல். மாட்டுச் சந்தைச் சட்டம் தலைகீழா நிக்குது பாருங்க.

சட்டம் சொன்னது கொஞ்சம், நீதிமன்றங்கள் வழக்கு வழக்கா நிரப்பினது மிச்சம். 2000இல் ஒரு பழைய நிசான் நவாரா வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. திருப்பிக் கொடுக்க எவ்வளவு காலம்னு கேள்வி. கோளாறு வெளிய தெரிஞ்சு, அது என்ன மாதிரிக் கோளாறுன்னு வாங்கியவர் புரிஞ்சுக்கற அளவுக்காவது காலம் இருக்கணும் என்றது நீதிமன்றம். அந்த 140 மைல் நிசான்காரர் இங்க பிறந்திருக்கலாம்!

மறுபடி மறுபடி வர்ற கோளாறுக்கு 1990களில் மாவட்ட நீதிமன்றத்தில் வந்த ஒரு தீர்ப்பைத்தான் இன்னைக்கும் கார் தீர்ப்பாயத்துல எடுத்துக் காட்டறாங்க. தனித்தனியாப் பார்த்தா சின்னச் சின்னக் கோளாறுதான். ஆனா சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்துல வாங்கியவர் "போதும்டா சாமி"ன்னு சொன்னா அது நியாயம்தான், அந்தக் கட்டம் வந்துட்டா அது பெரிய கோளாறாவே கணக்கு. வண்டி மேல நம்பிக்கை போறதும் ஒரு நஷ்டம்தான்னு அது ஒத்துக்குது. அப்புறம் 2000களின் பிற்பகுதியில் உயர் நீதிமன்றம் இன்னொண்ணு சொன்னது: ஒரு தடவை சரி பண்ண வாய்ப்பு கொடுத்தாச்சு, சரியாகலை, அப்படின்னா ரெண்டாவது, மூணாவது தடவை கொண்டு போய் நிக்கணும்னு வாங்கியவருக்குக் கட்டாயம் இல்லை.

இதைப் படிச்சப்ப அண்ணனை எழுப்பி (ராத்திரி ஒரு மணி) வாசிச்சுக் காட்டினேன். "அப்ப நாம ரெண்டு தடவை எக்ஸ்ட்ரா போயிருக்கோமா?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டார். அஞ்சு நிமிஷம் கழிச்சு எழுந்து உக்காந்தார்.

அமெரிக்காவில் இதுக்கு வேற வழி. அங்கே உருப்படாத காருக்கு "எலுமிச்சம்பழம்"னு பேர். ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையில் ஏன் எலுமிச்சைகளே மிஞ்சுதுன்னு ஒரு கட்டுரை எழுதி, பின்னாளில் 2001இல் நோபலே வாங்கினார். 1982இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஜான் வுட்காக் என்ற உறுப்பினர் கொண்டு வந்த எலுமிச்சைச் சட்டம் நம்பர் போட்டது: ஒரே கோளாறுக்கு நாலு தடவை ரிப்பேர், அல்லது மொத்தம் 30 நாள் வண்டி ஷெட்டில் கிடந்தா, மாத்திக் கொடு அல்லது காசைக் கொடு. மத்த மாநிலங்களும் அதே வழியில போச்சு. நம்பர் இருக்கிறதுல ஒரு தெளிவு இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா நாலாவது தடவைதான் கணக்குன்னா, மூணு தடவை வரை கம்பெனி ஜாலியா ஆயில் மாத்திக்கிட்டு இருக்கலாமே? நியூசிலாந்துல நம்பர் இல்லாததே நமக்கு நல்லதுன்னு எனக்குத் தோணுது. என்ன, நம்பர் இல்லாததால நாமதான் வாயைத் திறந்து "போதும்" சொல்லணும்.

நம்ம ஊர்? 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்து மாவட்டம், மாநிலம், தேசியம்னு மூணு அடுக்கு மன்றம் வந்தது உண்மையிலேயே பெரிய காரியம். வக்கீல் இல்லாமயே போகலாம். ஆனா கார்னு வரும்போது 2006இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மாருதி வழக்கு. க்ளட்ச் கோளாறு. கீழ் மன்றங்கள் காரையே மாத்தித் தரச் சொல்லின. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. வாரண்டியில் பழுதான பாகத்தை மாத்தித் தருவோம்னுதான் இருக்கு, காரை மாத்துவோம்னு இல்லை, அதனால் பாகத்தை மாத்தறதோட கம்பெனி பொறுப்பு முடிஞ்சதுன்னு தீர்ப்பு. அதுக்கு அப்புறமும் உற்பத்திக் குறைபாடுன்னு வல்லுநர் அறிக்கையோட நிரூபிச்சு ஜெயிச்சவங்க உண்டு. ஆனா அந்தச் சுமை வாங்கினவர் தலையில. 2019ஆம் வருடப் புதுச் சட்டத்துல தயாரிப்பாளர் பொறுப்புன்னே தனி அத்தியாயம் இருக்கு, 2020இல் அமலுக்கு வந்தது.

நாங்க ரெண்டு பேரும் யார்டுல தலையைத் தொங்கப் போட்டதுக்குக் காரணம் இங்கதான் இருக்குன்னு நினைக்கிறேன். "கேரண்டியா வாரண்டியா"ன்னு கேட்டு வளர்ந்த ஊர் நம்மது. கார்டுல கடைக்காரர் சீல் வச்சிருக்காரா, தேதி போட்டிருக்காரான்னு பார்ப்போம். கார்டு தொலைஞ்சா எல்லாம் போச்சுன்னு பீரோவில் பூட்டி வைப்போம். கார்டுக்கு வெளியே ஒரு சட்டம் இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல.

இங்க இருக்கறவங்களுக்கும் தெரியாதுங்கறது வேற விஷயம். அதனாலதான் 2014 ஜூனில் சட்டத்தைத் திருத்தி, கூடுதல் வாரண்டி விற்கிறவங்க அந்தக் காகிதத்துலயே "சட்டப்படி உங்களுக்கு ஏற்கெனவே இது இது உண்டு, நாங்க அதுக்கு மேல தர்றது இது"ன்னு ஒப்பிட்டுக் காட்டணும்னு வச்சாங்க. வாங்கி அஞ்சு வேலை நாளுக்குள்ள ரத்து பண்ணவும் செய்யலாம். அதுவரை சட்டம் சும்மா கொடுக்கறதையே கார்டு போட்டு வித்துக்கிட்டு இருந்திருக்காங்க. ஏலத்தில் வாங்கினா இந்தச் சட்டம் கிடையாதுன்னு இருந்ததையும் அப்பத்தான் மாத்தினாங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, இதெல்லாம் வியாபாரிகிட்ட வாங்கினாத்தான். ஊருக்குக் கிளம்பற சீனியர் மாணவர்கிட்ட 2,000 டாலருக்கு வாங்கினா அவரையும் கடவுளையும்தான் நம்பணும். அதே மாதிரி, யார்டுல வாங்கினாலும் இருபது வருஷ வண்டிகிட்ட எட்டு வருஷ வண்டியோட உழைப்பை எதிர்பார்க்க முடியாது. யார்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அவரும் ஜப்பான் ஏலத்துல பல்லைப் பார்க்காம எடுத்தவர்தானே.

எங்க விஷயத்துக்கு வர்றேன். வேற ஒரு மெக்கானிக்கிட்ட காசு கொடுத்து ஒரு ரிப்போர்ட் வாங்கினோம். கியர்பாக்ஸ் உள்ளேயே தேஞ்சிருக்கு, ஆயில் மாத்தறதால தீராது, மாத்த 4,000 டாலருக்கு மேல ஆகும்னு எழுதிக் கொடுத்தார். அண்ணன் ஒரு பக்கக் கடிதம் எழுதினார். நாலு தடவை கொண்டு வந்த தேதி, ஒவ்வொரு தடவையும் என்ன பண்ணாங்க, 1993 சட்டப்படி காரைத் திருப்பித் தர்றோம், பணத்தைத் திருப்பித் தரவும். கார்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. வேணும்னேதான் விட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காரை யார்டில் விட்டு, சாவியையும் கடிதத்தையும் கொடுத்தோம். யார்டுக்காரர் மறுபடி கார்டைக் கேட்டார். அண்ணன் "கார்டு வீட்டுல இருக்குங்க, இதுக்கு அது தேவையில்லை"ன்னார், ரொம்ப மரியாதையா. மழை. பஸ் 20 நிமிஷம் வரல. நனைஞ்சுக்கிட்டு நின்னப்ப, 9,500 டாலரையும் விட்டுட்டு வந்துட்டோமோன்னு எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அண்ணனுக்கும்தான், சொல்லல.

ரெண்டு வாரம் பதில் இல்லை. தீர்ப்பாயத்துல மனு போட்டோம். ஒரு லட்சம் டாலர் வரைக்கும் அங்க கேட்கலாம். சட்டம் தெரிஞ்ச ஒருத்தர், பக்கத்துலயே கார் தெரிஞ்ச ஒரு அசெஸர், ரெண்டு பேர் உக்காந்து கேட்பாங்க. கார் தெரிஞ்சவர் ஒருத்தர் உக்காந்திருக்கார்ங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்சது, அவர்கிட்ட "எங்க ஆள் ஓட்டிப் பார்த்தார், ஒண்ணும் இல்லை"ன்னு சொல்ல முடியாது பாருங்க. அண்ணன் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகினார். நான் யார்டுக்காரரா நடிச்சேன்.

அதுக்கு அவசியம் வரல. விசாரணைக்கு ஒன்பது நாள் முன்னாடி யார்டிலிருந்து ஃபோன். முதல்ல 7,000 தர்றோம்னாங்க, இத்தனை மாசம் ஓட்டினதுக்குக் கழிச்சுட்டு. அண்ணன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கிட்டே, கொடுத்த விலையைத்தான் சட்டம் திருப்பித் தரச் சொல்லுதுன்னார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை 9,500 முழுசா அக்கவுண்ட்ல விழுந்தது. மெக்கானிக் ரிப்போர்ட் காசைக் கேட்க மறந்துட்டோம்.

பாதியை அண்ணன் அன்னைக்கே ஊருக்கு அனுப்பிட்டார். இன்னொரு கார் பார்க்கலாமான்னு கேட்டேன். முறைச்சார். இப்ப சான்ட்ரிங்ஹாம் ரோட்டுக் கடையிலிருந்து பத்து கிலோ அரிசி மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிட்டு நடந்துதான் வர்றோம்.